பேஸ்மென்ட்டில் கிடந்த கோணி

ஊரில் வீடு கட்டும்போது கொத்தனார் "பேஸ்மட்டம் போட்டாச்சு" என்பார். தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்கு எழுப்பிய மேடை அது. மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரக்கூடாது, அதுக்காக. அமெரிக்காவில் அதே வார்த்தைக்கு அர்த்தம் நேர் எதிர். வீட்டுக்குக் கீழே, மண்ணுக்குள் ஏழெட்டு அடி ஆழத்தில் இருக்கும் ஒரு முழுத் தளம். தண்ணிக்குப் பயந்து நாம் மேலே ஏறினோம். இவர்கள் கீழே இறங்கி, சுவருக்குச் சுவர் கம்பளமும் விரித்து, டிவியும் வைத்துவிட்டார்கள்.

மினசோட்டாவில் நாங்கள் வாங்கியது 1960களில் கட்டிய வீடு. பேஸ்மென்ட்டில் பச்சைக் கம்பளம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஜூலை வந்தால் ஒரு வாடை. போன கோடையில் ஒரு மூலையைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பின்னல் துணி, தொட்டதும் உதிர்ந்தது. மழைக்காலத்தில் ரேஷன் கடைக்குள் நுழைந்தால் நனைந்த சாக்கு வாடை ஒன்று வருமே, அதேதான். சந்தேகமே இல்லை, கோணி.

புதுக் கம்பளம் பார்க்கக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் முதலில் கேட்டது கலரையோ பட்ஜெட்டையோ இல்லை. "மாடிக்கா, பேஸ்மென்ட்டுக்கா?" பேஸ்மென்ட் என்றதும் நைலான் வரிசையைத் தாண்டி ஒலிஃபின் வரிசைக்குக் கூட்டிப்போனார். ஒலிஃபின் என்றால் வேறொன்றுமில்லை, பாலிப்ரொப்பிலீன். நம்மூர் உரச்சாக்கு செய்கிற அதே பிளாஸ்டிக். ஊரில் கோணி போய் உரச்சாக்கு வந்த கதை என் வீட்டு பேஸ்மென்ட்டிலும் நடக்கப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து தோண்ட ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில், மண்ணுக்குள் எதுக்கு ஒரு அறை? குளிர்தான் காரணம். மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்தால் விரிந்து, மேலே உட்கார்ந்திருக்கும் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் போகணும். மினசோட்டா கட்டிட விதிப்படி மாநிலத்தின் தெற்கில் 42 அங்குலம், வடக்கில் 60 அங்குலம். எப்படியும் நாலைந்து அடி தோண்டியாச்சு, இன்னும் மூணு அடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கும் என்ற கணக்கு.

அந்தத் தளத்தில் ஆரம்பத்தில் மனுஷன் குடியிருக்கவில்லை. நிலக்கரி உலை, கரி கொட்டி வைக்க ஒரு மூலை, துணி துவைக்கிற தொட்டி, கிழங்கு மூட்டை. 1940 சென்சஸில் பாதிக்கும் அதிகமான அமெரிக்க வீடுகள் நிலக்கரியால்தான் சூடாகிக்கொண்டிருந்தன. தரை ஈரமாக இருந்தால் யாருக்கென்ன? போருக்குப் பிறகு எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. 1970 சென்சஸில் நிலக்கரி வீடுகள் 3 சதவீதத்துக்கும் கீழே. உலை சுருங்கி ஒரு ஓரமாகப் போனது, கரித்தூசி போனது, வீட்டுக்குள் திடீரென்று ஒரு காலி இடம். குழந்தைகள் விளையாட, விருந்து வைக்க என்று அதற்கு மரப்பலகை அடித்து வாழும் அறையாக்கினார்கள். கீழே இருந்த கான்கிரீட் மட்டும் அதே கான்கிரீட்.

சரி, அதன் மேல் விரித்த கம்பளம் எங்கிருந்து வந்தது? இதுதான் என்னை ரொம்ப ஈர்த்த பகுதி.

ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கே டால்டன் என்று ஒரு சின்ன ஊர். 1890களில் அங்கே கேத்தரின் எவன்ஸ் என்ற பண்ணை வீட்டுப் பெண், ஒரு பழைய படுக்கை விரிப்பைப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்தார். அப்போது அவருக்குப் பதின்வயது. பருத்தித் துணியில் தடித்த நூலைக் கோத்து, வெளியே நிற்கும் தையல்களை வெட்டிக் குஞ்சம் மாதிரி நிறுத்துவது. முடிச்சு கிடையாது. அப்புறம் நூல் எப்படி நிற்கும்? துணியைக் கொதிக்கும் தண்ணியில் போடுவார்கள். துணி சுருங்கி நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 1900இல் அப்படி ஒன்றை 2.50 டாலருக்கு விற்றார். அது பரவி, 1930களில் அந்த வட்டாரமே விரிப்பு தைத்தது. நெடுஞ்சாலை 41 ஓரமாகக் கொடி கட்டி, கார்காரர்களின் கண்ணில் படும்படி தொங்கவிடுவார்கள். மயில் டிசைன்தான் ரொம்பப் பிரபலம் என்பதால் அந்தச் சாலைக்கே மயில் சந்து என்று பேர் வந்தது.

பிறகு தையல் மிஷினை மாற்றியமைத்து அதையே இயந்திரத்தில் செய்தார்கள். ஒரு ஊசி பல ஊசியானது. 1950 வாக்கில் 12 அடி அகலத்துக்கு வரிசையாக ஊசிகள் குத்தும் ராட்சத மிஷின் வந்துவிட்டது. தறியில் மெதுவாக நெய்த கம்பளம் இதோடு போட்டி போட முடியவில்லை. 1950இல் அமெரிக்கக் கம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான் இப்படி ஊசியில் குத்தியது. ஒரு தலைமுறைக்குள் விகிதம் அப்படியே தலைகீழ். கம்பளம் பணக்காரர் வீட்டுச் சாமான் என்ற நிலை போய், பேஸ்மென்ட் வரை இறங்கியது இப்படித்தான்.

ஆனால் ஒரு சிக்கல். படுக்கை விரிப்பைக் கொதிக்க வைக்கலாம், 12 அடி அகலச் சுருளை என்ன செய்வது? அடிப்பக்கம் லேடெக்ஸ் பசை பூசி, குஞ்சங்களை ஒட்டவைத்து, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டினார்கள். ஊசி குத்துவதற்கு ஒரு துணி, கீழே பிடித்துக்கொள்ள ஒரு துணி. நமக்குத் தெரிகிற மென்மையெல்லாம் மேலே, கம்பளத்தின் உயிர் இருப்பது அடியில். மலிவாக, உறுதியாக, அவ்வளவு அகலத்துக்குக் கிடைத்த துணி சணல்.

சணல் என்றால் வங்காளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் வங்காளச் சணலைத் திமிங்கல எண்ணெயில் பதப்படுத்தி நெய்து கொழுத்தது. பிறகு ஆலைகள் ஹூக்ளி நதிக்கரையில் கல்கத்தாவைச் சுற்றி எழுந்தன. 1947 பிரிவினை நல்ல சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதியைக் கிழக்குப் பாகிஸ்தானிலும், ஆலைகளை இந்தியாவிலும் விட்டது. டால்டனின் மிஷின்கள் வேகம் பிடித்தபோது, அமெரிக்கக் கம்பளங்களுக்கான அடித்துணி இந்தியச் சணல் ஏற்றுமதியின் முக்கியச் சரக்காகிவிட்டது. மினசோட்டாவில் யாரோ பந்து உருட்டி விளையாடிய தரைக்கு அடியில் இருந்தது நம் பக்கத்து விவசாயி இடுப்பளவு தண்ணியில் நின்று ஊறவைத்து உரித்த நார். கோணிக்குத் தண்ணியில்தான் பிறப்பு, சாவும் தண்ணியில்தான்.

அதற்கு முடிவு கட்டியது இத்தாலியில் பிறந்த பாலிப்ரொப்பிலீன். மிலானில் ஜூலியோ நாட்டா 1954இல் அதை உருவாக்கினார். 1963இல் கார்ல் ஸீக்லரோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். 1960களில் அதில் நெய்த அடித்துணி கம்பள ஆலைகளுக்கு வந்தது. சணல் விலை ஏறி இறங்குவதும், கப்பல் தாமதமும் ஆலைக்காரர்களுக்கு ஏற்கெனவே தலைவலி. 1971 வங்காளதேசப் போரில் சப்ளை தடுமாறியபோது மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. ஊசி குத்தும் துணி முதலில் மாறியது. கீழே ஒட்டும் துணியில் சணல் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. என் பச்சைக் கம்பளம் அந்த ரகம்.

கடைக்காரர் ஏன் ஒலிஃபின் என்றார் என்பது ஜவுளிக்காரர்களின் ஒரு பழைய அளவுகோலில் தெரியும். காய்ந்த 100 கிராம் நார், சாதாரணக் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்? சணல் சுமார் 14 கிராம். பருத்தி 8.5. நைலான் 4 சொச்சம். பாலியஸ்டர் 0.4. பாலிப்ரொப்பிலீன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இதைப் பார்த்ததும் நானும் "முடிஞ்சது, ஒலிஃபின் போட்டுடலாம்" என்றுதான் நினைத்தேன். அவசரப்பட்டிருந்தால் அதே வாடை திரும்ப வந்திருக்கும். பூஞ்சை பிளாஸ்டிக்கைத் தின்னாது, சரி. ஆனால் கம்பளத்தில் சேரும் தூசி, தோல் துகள், சிந்திய சோறு எல்லாம் அதற்குச் சாப்பாடு. நார் குடிக்காத தண்ணி அடியில் போடும் மெத்தையில் உட்கார்ந்துகொள்ளும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்கணும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. இன்னொன்று, ஒலிஃபின் மிதிபட்டால் சீக்கிரம் படுத்துவிடும், நைலான் மாதிரி நிமிராது. எண்ணெய்க் கறையும் லேசில் விடாது.

தண்ணி வருவதும் ரெண்டு வழி. ஒன்று, கான்கிரீட் வழியாகக் கீழேயிருந்து ஏறுவது. இப்போதைய வீடுகளில் கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரிக்கிறார்கள், பழைய வீடுகள் பலவற்றில் அது இருக்காது. ரெண்டாவது, மேலேயிருந்து. வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று வியர்க்கும். பேஸ்மென்ட் தரை கோடையிலும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஐஸ் தண்ணி ஊற்றிய சொம்பு கதைதான். ஜூலை வாடைக்குக் காரணம் கிடைத்தது.

எது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. 18 அங்குலச் சதுர பாலித்தீனைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடணும். அடிப்பக்கம் துளிர்த்தால் ஈரம் கான்கிரீட்டிலிருந்து. மேல்பக்கம் துளிர்த்தால் காற்றிலிருந்து. கம்பளத்தைச் சுருட்டிக் குப்பைக்குப் போட்ட பிறகு ஏப்ரலில் நாலு இடத்தில் ஒட்டினேன். மூணு காய்ந்து கிடந்தன. வடக்குச் சுவர் ஓரத்தில் ஒட்டியதன் அடியில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணி, கான்கிரீட்டும் கறுத்திருந்தது.

அந்தச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் சதுரம் சதுரமாக எடுக்கக்கூடிய ஒலிஃபின் கம்பளம், ஒன்று நனைந்தால் அதை மட்டும் தூக்கி வெயிலில் போடலாம். மாடிப்படிக்கு நைலான். ஈரப்பதம் உறிஞ்சும் மிஷின் ஒன்று மே மாதத்திலிருந்து ஓடுகிறது, தினம் ஒரு வாளித் தண்ணி ஊற்றுகிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் கான்கிரீட். அங்கே என்ன வைக்கலாம் என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.