கல்லாய்ச் சமைந்தவையா? போமாரிஸ் கரை தரும் சாட்சியம்

அதிர்ச்சியில் அசையாது நின்றவரைக் கல்லாய்ச் சமைந்தார் என்கிறோம். அகலிகை கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புதைபடிவம் என்றதும் அதே சித்திரம்தான் எழுகிறது: உயிர் ஒன்று அப்படியே கல்லாகிவிட்டது. இக்கட்டுரை அந்தச் சித்திரத்தை மறுக்கிறது. ஓர் உயிரி பாறையில் தங்குமா என்பதை முடிவு செய்வதில், அது எவ்வளவு பெருகி வாழ்ந்தது என்பதைவிட எப்படிப் புதைந்தது என்பதற்கே பங்கு அதிகம். பாறையை ஒரு பழைய கடலின் மக்கள்தொகைக் கணக்காக வாசிப்பவர் இங்கேதான் தவறுகிறார்.

சிவா விஷ்ணு கோயிலால் மெல்பர்ன் தமிழர் அனைவரும் அறிந்த ஊர் கேரம் டவுன்ஸ். அங்கிருந்து போர்ட் பிலிப் விரிகுடாவை ஒட்டி வடமேற்கே சென்றால் போமாரிஸ் வரும். இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணற்கல் செங்குத்துப் பாறைகளின் அடிவாரத்தில், சுமார் 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய கடலின் எச்சங்களை அலை கழுவிக்கொண்டே இருக்கிறது.

அவற்றுள் மிகுதியாகக் கிடைப்பது லோவினியா என்னும் இதய வடிவக் கடல் முள்ளெலி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் முட்கள் உதிர்ந்த இடங்களில் சிறு குமிழ்கள் தெரியும். மேற்புறத்தில் பூவிதழ் போன்ற துளை வரிசைகள். உள்ளே சதை இருந்த இடத்தில் மணல் இறுகியிருக்கும். ஓட்டின் ஒவ்வொரு தகடும் நுண்துளைகள் நிறைந்த, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். நிலத்தடி நீர் கொண்டுவரும் கால்சைட் அந்தத் துளைகளை அடைத்து ஓட்டை உறுதியாக்குகிறது. அரகோனைட் என்னும் வேறொரு சுண்ணாம்புக் கனிமத்தால் ஆன சிப்பிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவை எளிதில் கரைந்து, பெரும்பாலும் வெறும் அச்சை மட்டுமே விட்டுச் செல்கின்றன. வைணவ இல்லங்களில் பூசை பெறும் கண்டகி நதிச் சாளக்கிராமத்தின் சக்கரமும் அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் ஓடு கல்லில் பதித்த சுவடே.

ஏராளமாகக் கிடைப்பதால் அக்கடலில் லோவினியாவே மிகுதியாக வாழ்ந்தது என்று வாதிடலாமே என்பர். ஆனால் இந்த இனம் மணலுக்குள் துளைத்து வாழ்வது. உயிரோடிருக்கும்போதே பாதி அடக்கமாகிவிட்டது. இறந்தபின் அலையிடமும் நண்டிடமும் அது சிக்கும் வாய்ப்புக் குறைவு. பாறைக்கரையில் வாழ்ந்த அதன் உறவினங்களோ நொறுங்கிப் போயின. சுறாவின் கதை இன்னும் தெளிவு. ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். அதன் குருத்தெலும்புக் கூடு மிஞ்சுவது மிக அரிது. பத்துப் பற்களைக் கண்டெடுத்தவர் பத்துச் சுறாக்களைக் கண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

மணற்கல்லின் அடியில் பாஸ்பேட் உருண்டைகள் நிறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. திமிங்கலச் செவி எலும்பு, பெங்குவின் எலும்பு, சுறாப் பல் எல்லாம் அங்கே நெருங்கிக் கிடப்பதால், ஒரே பேரழிவில் மாண்டவை என்று தோன்றும். அது பிழையான வாசிப்பு. வண்டல் மெதுவாகச் சேர்ந்த காலத்தில் நீரோட்டம் லேசான மணலை வாரிச் சென்றது, கனமானவை தங்கின. முந்திய அடுக்குகளிலிருந்து அரித்தெடுக்கப்பட்டவையும் வந்து கலந்தன. ஒன்றையொன்று பார்த்தேயிராத உயிர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

புதைந்த விதமே பாறையில் தெரிவதை முடிவு செய்கிறது என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையும் சான்று. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படும் அங்குள்ள கல்மரங்களில் வளர்வளையம் கண்ணுக்குத் தெரிகிறது. நீரில் கரைந்து வந்த சிலிக்கா செல் செல்லாக நிரம்பியதன் விளைவு. ஆனால் கிளையில்லை, இலையில்லை, வேரில்லை. வெள்ளம் உருட்டிவந்து மணலில் கிடத்திய அடிமரங்கள் அவை. அதைக் கல்லான காடு என்று அழைப்பது, மரங்கள் வளர்ந்த இடத்தையும் அடக்கமான இடத்தையும் குழப்பிக்கொள்வதாகும்.

புதையும் விதம் இன்றும் அதையே முடிவு செய்கிறது என்பதைக் காண மீண்டும் மெல்பர்ன் பக்கம் திரும்பலாம். கேரம் டவுன்ஸின் மேற்கே கேரம் கேரம் சதுப்பு நிலம் பரந்து கிடந்தது. ஆக்சிஜன் எட்டாத சதுப்புச் சேறு மகரந்தத்தையும் விதையையும் காக்க வல்லது. 19ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி அதன் பெரும்பகுதியை வடித்தார்கள். காய்ந்த சேற்றில் காற்றுப் புகுந்தால் கரிமப் பொருள் மட்கத் தொடங்கும்; படிவமாகியிருக்கக்கூடியது உருவாகும் முன்பே கலைந்துவிடும். எஞ்சிய துண்டான எடித்வேல்–சீஃபர்ட் ஈரநிலம் 2001இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்காகக் காக்கப்படும் அந்த நீரின் அடியில் சேறு இன்னும் படிந்துகொண்டிருக்கிறது.