கண் கூசாத விளக்கு

இரவில் நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டுவோர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணில் பாய்ந்ததும் சில நொடிகளுக்குச் சாலையே தெரிவதில்லை. அந்தச் சில நொடிகளில் ஓரமாக நடந்து செல்லும் ஒருவர் உயிரிழக்கக்கூடும். இத்தொல்லையை ஒழிக்க அமெரிக்கரான எட்வின் லாண்ட் என்பவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாடுபட்டார். அவர் கண்ட வழி சோதனைச்சாலையில் வென்றது, சாலையில் தோற்றது. அவ்வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

ஒளி ஓர் அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்கிறது. மூங்கிற் கழிகளை நெருக்கமாக நட்ட வேலியின் இடுக்கில் ஒரு கயிற்றை நுழைத்து ஆட்டுங்கள். மேலும் கீழுமாக ஆட்டினால் அலை அப்பால் செல்லும். பக்கவாட்டில் ஆட்டினால் வேலி தடுத்துவிடும். சில படிகங்கள் ஒளிக்கு இத்தகைய வேலியாகின்றன. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம்.

1852-இல் பிரிஸ்டல் நகர மருத்துவர் ஹெராபத் இவ்வகைப் படிகம் ஒன்றைக் கண்டார். கண்ட விதம் வேடிக்கையானது. கொயினா உட்கொண்ட நாயின் சிறுநீரில் அவருடைய மாணவர் அயோடினைச் சேர்க்க, பசுமை நிறச் சிறு படிகங்கள் தோன்றின. இரண்டு படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடம் இருண்டிருந்தது! ஆனால் அப்படிகங்களைப் பெரிதாக வளர்ப்பது மிகக் கடினமாக இருந்தது.

1926-இல் ஹார்வர்டில் சேர்ந்த லாண்ட், சில மாதங்களில் படிப்பை விட்டு நியூயார்க் சென்றார். அங்கே நூலகத்தில் பயின்றார். இரவில் கொலம்பியா பல்கலைக்கழகச் சோதனைச்சாலைக்குள் அனுமதியின்றி நுழைந்து ஆராய்ந்தார் என்பர். (மாணவர்கள் இதைப் பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லவில்லை.) பெரிய படிகம் எதற்கு என்று அவர் கேட்டார். கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற ஊசிப்படிகங்களை ஒரே திசையில் அணிவகுத்து நிற்கச் செய்து, மெல்லிய தகட்டில் பதித்துவிட்டார். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933-இல் அது கிடைத்தது.

இத்தகட்டை ஒவ்வொரு வண்டியின் விளக்கிலும், ஓட்டுநரின் கண்முன்னேயும் 45 பாகை சாய்வாகப் பொருத்த வேண்டும் என்பது அவர் திட்டம். இருவர் எதிரெதிரே நின்று தத்தம் வலக்கையைச் சாய்வாக உயர்த்தினால், அக்கைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும். அதுபோல எதிர்வண்டியின் ஒளி நம் தகட்டுக்குக் குறுக்காக வந்து தடைப்படும். நம் விளக்கொளியில் சாலை தெரியும்.

மோட்டார் உற்பத்தியாளர்கள் பலமுறை சோதித்தும், 1947-இல் மறுத்துவிட்டனர். தகடு பாதிக்கு மேற்பட்ட ஒளியை விழுங்குவதால் விளக்கின் ஆற்றலைப் பெருக்க வேண்டும். அப்போது அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மூன்று கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளில் இத்தகடு இல்லை. யாவற்றிலும் பெரிய தடை வேறு. முதலில் வாங்குபவருக்கு இதனால் பயனே இல்லை! எதிரே வருபவரும் பொருத்தினாலன்றிக் கூச்சம் முற்றும் நீங்காது. அதுவரை அவருக்குச் சாலைதான் மங்கலாகத் தெரியும்.

கம்பெனிகளின் கருமித்தனமே காரணம் என்று கூறுவோர் உண்டு. அது பாதி உண்மை என்றே கருதுகிறேன். தனித்தனியே வாங்குவோரை நம்பி நடவாத செயலை ஓர் அரசாங்கம் சட்டத்தால் நடத்தியிருக்கலாம். சுவீடன் நாட்டார் 1967 செப்டம்பர் 3-இல், ஒரே நாளில், சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறினார்கள். அதற்காக வண்டி விளக்குகளையும் மாற்றினார்கள். விளக்குத் தகட்டுக்கு அத்தகைய சட்டம் எந்த நாட்டிலும் வரவில்லை.

லாண்ட் சோர்ந்துவிடவில்லை. 1937-இல் தொடங்கிய போலராய்டு நிறுவனம் குளிர்கண்ணாடி விற்றுப் பிழைத்தது. 1948-இல் உடனுக்குடன் படம் தரும் காமிராவால் புகழடைந்தது. தகடோ வேறிடம் புகுந்தது. கணிப்பொறியின் திரவப் படிகத் திரையில் அத்தகைய தகடுகள் இரண்டு உள்ளன. போலராய்டு கண்ணாடியைத் திரைக்கு முன்னே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கோணத்தில் திரை முழுதும் இருண்டுவிடும். எதிர்வண்டியின் விளக்கை லாண்ட் அவ்வாறுதான் இருளச் செய்ய எண்ணினார்.