கள்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் வேளைக்கு வேளை மாறும் சுவை

பாலக்காடு: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1982-இல் தொடங்கிய ஆண்டு பீர் திருவிழாவில், ஒரு முறை ஊற்றித் தரப்படும் அளவு ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே. சிறு ஆலைகள் தத்தம் பக்குவத்தில் தயாரித்த பீர் வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவைப்பதே அங்கு நோக்கம். தமிழ்நாட்டை ஒட்டியுள்ள கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் இந்த வழக்கத்துக்கு மிக நெருக்கமாக நிற்பது கள்ளுக்கடை. வேறுபாடு ஒன்றுதான்: பீரைத் திருவிழாவுக்குக் கொண்டுசெல்லலாம்; கள்ளைத் தேடி மரத்தடிக்குத்தான் போகவேண்டும்.

பீர் தயாரிக்க முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, காய்ச்சி, ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து, தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை இட்டு, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ காத்திருக்கவேண்டும். கள்ளுக்கு இவை எதுவும் தேவையில்லை. காற்றிலும் கலயத்தின் உட்புறத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சாறு சொட்டத் தொடங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இந்த நொதித்தல் தடைபடும். அப்போது கிடைப்பது பதநீர்.

பாளையில் தொடங்கும் தொழில்

வெடிக்காத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, எலும்பாலோ கனமான கட்டையாலோ நாள்தோறும் மெல்லத் தட்டிப் பக்குவப்படுத்துவர். நுனியைச் சீவச் சீவச் சில நாள்களில் சாறு ஊறும். ஒரே மரத்தில் தொழிலாளி ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று முறை ஏறி இறங்கவேண்டும். தட்டும் கை பலமானால் பாளை நசுங்கிவிடும். சீவு ஆழமானால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். பீர் ஆலையின் கைத்திறன் கொப்பரையருகே நடக்கிறது என்றால், கள்ளின் கைத்திறன் முழுவதும் மரத்தின் உச்சியில் முடிந்துவிடுகிறது. கேரளத்தில் கள் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1969-இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் மரமேறும் தொழிலுக்கு இளைஞர்கள் முன்வருவது குறைந்தே வருகிறது.

மாநிலத்தின் கள் தேவைக்குப் பெரிதும் கைகொடுப்பது பாலக்காட்டின் கிழக்குக் கோடியிலுள்ள சித்தூர் வட்டம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற இப்பகுதி ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் மிகுதி. இங்குள்ள தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள், கலால் துறையின் அனுமதிச் சீட்டுடன் பிற மாவட்டக் கடைகளுக்கு வண்டிகளில் அனுப்பப்படுகிறது. மழை குறைந்த இந்நிலத்தில் பனையும் உண்டு.

தேனி மாவட்டத்தை ஒட்டிய இடுக்கி மலைகளில் நிலை வேறு. ஏலமும் தேயிலையும் விளையும் உயரத்தில் தென்னை செழிப்பதில்லை. அங்கு பெயர் பெற்றது கூந்தற்பனை; மலையாளத்தில் சூண்டப்பனை, இலங்கையில் கித்துல். பூங்குலைகள் அவிழ்த்த கூந்தல் போலத் தொங்குவதால் இப்பெயர். உச்சியில் முதல் குலை தோன்றி, படிப்படியாகக் கீழிறங்கிப் பூத்து, கடைசிக் குலையுடன் மரம் பட்டுப்போகும். தென்னையைவிடப் பன்மடங்கு சாறு தரும் இம்மரம் தன் வாழ்நாளின் இறுதிப் பருவத்தில்தான் கள் தருகிறது.

காலையும் மாலையும்

கள்ளுக்கடையில் ருசி பார்ப்பவர் முதலில் கேட்கவேண்டியது எந்த மரம் என்பதை. அடுத்து, எப்போது இறக்கியது என்பதை. காலையில் இறக்கிய இளங்கள் இளநீரின் சாயலும் இனிப்பும் கொண்டு நாக்கில் மெல்லச் சுறுசுறுக்கும். நண்பகலில் நுரை கூடி இனிப்பும் புளிப்பும் சமநிலைக்கு வரும். மாலையில் புளிப்பு ஓங்கும். ஓரிரு நாள் கடந்தால் அது காடியாகிச் சமையலறைக்குப் போகும். ஆப்ப மாவைப் புளிக்கவைக்கவும் கள் உதவும். கப்பைக் கிழங்கும் காரமான மீன் கறியும் இல்லாத கள்ளுக்கடையைக் கேரளத்தில் காண்பது அரிது. கறிக்காகவே கடைக்கு வருவோரும் உண்டு.

இந்த வேளைக் கணக்கு சட்டத்துக்கும் சிக்கலைத் தந்தது. தென்னங்கள்ளில் எத்தனால் 8.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என 2007-இல் கேரள அரசு விதி வகுத்தது. எதுவும் கலக்காமலே, இயற்கையான நொதித்தலால் கள் அந்த வரம்பைக் கடந்துவிடக்கூடும் என்று உரிமதாரர்கள் நீதிமன்றங்களில் வாதிட்டனர். வரம்பின் நோக்கம் கலப்படத்தைப் பிடிப்பது. மரம் தருவது குறைவாகவும் கடை கேட்பது அதிகமாகவும் இருக்கும்போது, இடைவெளியை நிரப்பத் தண்ணீர், இனிப்பூட்டி, எரிசாராயம் ஆகியவை நுழைகின்றன. 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அசல் கள்ளின் சுவையை அறிந்திருப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை அச்சம்பவம் உணர்த்தியது. எனினும் மெத்தனாலை நாக்கால் கண்டறிய இயலாது. ஆய்வகச் சோதனையே வழி.

எல்லைக்கு அப்பால்

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. அதே மாநிலத்தில் 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளில் பீர் விற்கிறது. கேரளமோ 1996-இல் சாராயத்தைத் தடை செய்தபோதும் கள்ளைக் கைவிடவில்லை. இதனால் பொள்ளாச்சித் தோப்பில் குற்றமாவது, சில கிலோமீட்டர் தொலைவில் மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் உரிமம் பெற்ற தொழிலாகிறது. மரமும் மண்ணும் மாறுவதில்லை. தடையை நீக்கக் கோரும் தமிழக விவசாய அமைப்புகள் சுட்டிக்காட்டுவதும் இந்த முரணைத்தான்.

பீர் இப்பகுதிக்குள் வர முயன்ற கதையும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளியில் எத்தனால் உற்பத்தியுடன் பீர் ஆலையும் அடங்கிய திட்டத்துக்கு 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை தொடக்க ஒப்புதல் அளித்தது. நிலத்தடி நீர் வற்றும் என்று உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, கிணறுகள் வற்றி நீர் கெட்டதாக எழுந்த போராட்டத்தால் 2004-இல் மூடப்பட்டதை மக்கள் மறக்கவில்லை. ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் நீர் செலவாகும்.

கள்ளைப் போத்தலில் அடைத்து ஆயுளை நீட்டும் முயற்சி இலங்கையில் வெற்றி கண்டுள்ளது. ஆனால் நொதித்தலை நிறுத்தச் சூடேற்றும்போது இளங்கள்ளின் மணம் ஓரளவு போய்விடும். கேரளத்தின் 2023-24 மதுக்கொள்கை வேறு வழியைத் தேர்ந்தது: மூன்று நட்சத்திரத் தகுதியும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள், தம் வளாகத்து மரங்களிலேயே கள் இறக்கி விருந்தினருக்கு வழங்கலாம் என்றது.