ஒரு பீப்பாயும் இரு வழக்குகளும்

ஸ்கொட்லாந்து விஸ்கிப் போத்தல்கள் சிலவற்றில் 'ஷெரி பீப்பாயில் முதிர்ந்தது' என்ற வாசகம் காணப்படும். சுவையறிந்து வாங்குபவருக்கு அது சிபாரிசு. ஆசாரம் தவறாத யூதருக்கோ அது போத்தலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கவேண்டிய எச்சரிக்கை. இந்த முரணுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கின்றது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஷெரி என்பது ஊர்ப்பெயர். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவிலுள்ள ஹெரெஸ் நகரம், அரபு ஆட்சிக்காலத்தில் 'ஷெரிஷ்' என வழங்கப்பட்டது. ஆங்கிலேயரின் நாவில் அது ஷெரியாயிற்று. காலப்போக்கில் சைப்பிரஸிலும் தென்னாபிரிக்காவிலும், ஏன், திராட்சைச் சாற்றை இறக்குமதி செய்து பிரித்தானியாவிலேயே கூட, தயாரிக்கப்பட்ட மதுக்கள் அதே பெயரில் விற்பனையாகின. தனித்து நிற்கும் 'ஷெரி' என்ற சொல் ஹெரெஸ் மதுவையே குறிக்கும் என 1967இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், நெடுங்காலம் எதிர்ப்பின்றி வழங்கிவந்த 'பிரித்தானிய ஷெரி' போன்ற பெயர்களை அது தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தினுள் அவை நின்றது 1996இல்தான்.

ஷெரி வகைகளின் பெயர்களும் குழப்பம் நிறைந்தவை. 'அமொன்டிலாடோ' என்றால் மொன்டிலாவின் பாணியிலானது என்று பொருள். மொன்டிலாவோ வேறோர் ஊர். அதற்கெனத் தனி மதுவும் உண்டு. 'பெட்ரோ ஹிமேனெஸ்' என்பது ஆளின் பெயர்போல் ஒலித்தாலும் குறிப்பது ஒரு திராட்சை இனத்தை. ஊர்ப்பெயர் சரக்கோடு ஒட்டிக்கொள்வது நமக்கும் புதிதல்ல. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் நமது தேயிலை 'சிலோன்' என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் விலைபோகின்றது.

ஹெரெஸ் வணிகர்களின் கேள்வி, மது எந்த ஊரில் விளைந்தது என்பது. யூத சமயச் சட்டத்தின் கேள்வி, அதை யாருடைய கை தொட்டது என்பது. யூதரல்லாதார் தயாரித்த வைன் அவர்களுக்கு விலக்கப்பட்டது. தல்மூத்தில் இதற்கு இரு காரணங்கள் உள்ளன. விக்கிரகங்களுக்கு வார்க்கப்பட்ட மதுவாக இருக்கலாம் என்பது ஒன்று. சேர்ந்து மது அருந்துவது கலப்பு மணத்தில் முடியலாம் என்ற அச்சம் மற்றையது. சூடாக்கிய வைனைப் பிறர் கையாள்வதற்கு விலக்களிக்கப்பட்டாலும், அதைத் தயாரிப்பவர் யூதராகவே இருக்கவேண்டும். திராட்சையிலிருந்து வடிக்கப்படும் பிராந்திக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். தானியத்திலிருந்து வடிக்கப்படும் விஸ்கிக்கு இந்தத் தடையில்லை. ஆதலால்தான் ஓய்வுநாள் காலை வழிபாடு முடிந்ததும் ஜெப ஆலயங்களில் விஸ்கி தாராளமாகப் புழங்கியது.

சிக்கல் பீப்பாயில் இருந்தது. ஷெரி ஒருகாலத்தில் ஏறத்தாழ 500 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வந்திறங்கியது. காலியான பீப்பாய்களை விஸ்கி வடிப்போர் மலிவாக வாங்கிக்கொண்டனர். மரத்தில் ஊறியிருந்த வைன் விஸ்கியில் இறங்காதா? ஒன்றுக்கு ஆறு மடங்கு நீர் சேர்ந்தால் வைன் தன் தன்மையை இழக்கும் என்பது பழைய சட்டநூல்களின் கணக்கு. அமெரிக்க யூதரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்த மதகுரு மோஷே ஃபைன்ஸ்டைன் (1895 - 1986), சிறிதளவு வைன் கலந்த அமெரிக்க விஸ்கி பற்றிய வினாவுக்கு இந்தக் கணக்கைக் கொண்டே அனுமதி வழங்கினார். ஆனால், ஆசாரத்தில் கண்டிப்பானவர்கள் தவிர்ப்பது நன்று என்றும் சேர்த்துச் சொன்னார். அவரது சொல்லைச் சிலர் அனுமதியாகவும், சிலர் அறிவுரையாகவும் எடுத்துக்கொண்டனர்.

1980களில் நிலைமை மாறியது. ஷெரியை ஸ்பெயினிலேயே போத்தலில் அடைத்து அனுப்பும் முறை வந்ததும் பழைய பீப்பாய்களின் வரத்து அற்றுப்போயிற்று. ஆகவே விஸ்கி நிறுவனங்கள் ஹெரெஸிலேயே புதுப் பீப்பாய்கள் செய்வித்து, மரத்துக்குச் சுவையூட்டுவதற்கென்றே ஒன்றிரண்டு ஆண்டுகள் ஷெரியை நிரப்பிவைத்துத் தருவிக்கத் தொடங்கின. முன்னர் வைனுக்காகப் பீப்பாய் இருந்தது. இப்போது பீப்பாய்க்காக வைன். விளம்பரமும் சேர்ந்துகொண்டது. தற்செயலாக ஒட்டிய வைன் அளவால் அற்றுப்போகும் என வாதாடலாம். அதன் சுவைதான் இதன் சிறப்பு என்று தயாரிப்பாளரே போத்தலில் அச்சிட்டபின் அந்த வாதத்தின் கால் தளர்ந்துவிடுகின்றது. கண்டிப்பானவர்களின் இந்தத் தர்க்கம் வலுவானது என்றே எனக்குப் படுகின்றது.

லண்டன் யூத சமய நீதிமன்றம் நெடுங்காலம் ஷெரி பீப்பாய் விஸ்கியை அனுமதித்தே வந்தது. அமெரிக்கச் சான்றளிப்பு அமைப்புகள் பல அதைச் சிபாரிசு செய்வதில்லை. இதனால் மாமனார் அன்போடு நீட்டும் கிண்ணத்தை மருமகன் மறுக்க நேர்கின்றது. அந்நியரோடு கலந்துவிடாதிருக்க எழுந்த விதி ஒரே குடும்பத்தாரின் மேசையைப் பிரிப்பது வேதனையான விடயம். அளவையும் மரத்தையும் பற்றிய வாதம் எளிதில் ஓய்ந்துவிடும். யாருடைய பக்தி உயர்ந்தது என்ற பேச்சு அவ்வாறு ஓய்வதில்லை.

இதற்கொரு மாற்று வழி அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. பேர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலன்களில் மட்டுமே முதிரவைக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்கொட்லாந்துக்கு விலையாகின்றன. வைன் படாத மரம் அது. இன்று ஸ்கொட்லாந்து விஸ்கியின் பெரும்பகுதி முதிர்வதும் அவற்றில்தான். ஆயினும் எந்தப் பீப்பாய் என்பதைப் போத்தலில் குறிப்பிடும் கட்டாயம் வடிப்போருக்கில்லை. கலவை விஸ்கிகளில் பலவகைப் பீப்பாய்களின் சரக்கும் சேர்ந்திருக்கலாம். ஆகவே கண்டிப்பானவர்கள் 'பேர்பன் பீப்பாய்' என்று தெளிவாக எழுதப்பட்ட போத்தலையோ, மதகுருமாரின் முத்திரை பெற்றதையோ தேடி வாங்குகின்றனர்.