ஸ்டைவசன்ட் டவுனை வாங்கியவர்கள்

2006 அக்டோபரில், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு குடியிருப்பு 540 கோடி டாலருக்கு விலை பேசி முடிக்கப்பட்டது. ஸ்டைவசன்ட் டவுன், அதை ஒட்டிய பீட்டர் கூப்பர் வில்லேஜ். இரண்டும் சேர்த்துச் சுமார் 80 ஏக்கர், 11,000-க்கும் மேற்பட்ட வீடுகள், அலங்காரமே இல்லாத செங்கல் கட்டடங்கள். ஒரே சொத்துக்கு அமெரிக்கா அதுவரை பார்த்திராத விலை. வாங்கியவர்கள் டிஷ்மன் ஸ்பையரும் பிளாக்ராக்கும். மூன்றேகால் வருடத்தில், கடன் கொடுத்தவர்களிடமே சொத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் என் பிழைப்பு. ரியல் எஸ்டேட்டில் அசெட் மேனேஜ்மென்ட் என்று ஒரு வேலை உண்டு. முதலீட்டாளர் வாங்கிவிட்ட கட்டடத்தில் வாடகை ஒழுங்காக வருகிறதா, யார் காலி செய்யப்போகிறார்கள், லிஃப்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது, எப்போது விற்பது என்று உரிமையாளரின் இடத்தில் நின்று பார்ப்பது. பல வருடம் அதைச் செய்துவிட்டு, பிரைவேட் ஈக்விட்டியில் 'அக்விசிஷன்ஸ்' எனப்படும் வாங்கும் பிரிவுக்கு மாற முயன்றுகொண்டிருக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "நீங்க பில்டிங் நடத்துன ஆளு. டீல் பண்ண வருமா?" சமையல்கட்டில் இருப்பவன் கல்லாவில் உட்கார ஆசைப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

இந்தச் சுவர் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. ஸ்டைவசன்ட் டவுனைக் கட்டியது மெட்லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். கேஸ் ஹவுஸ் டிஸ்ட்ரிக்ட் என்ற பழைய குடியிருப்புப் பகுதியை நகர நிர்வாகம் கையகப்படுத்திக் கொடுத்தது. சுமார் 11,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1947-இல் புது வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள், வெள்ளையர்கள் மட்டும். கறுப்பின முன்னாள் ராணுவ வீரர்கள் வழக்குப் போட்டு, 1949-இல் மாநில உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். பொதுப் பணமும் வரிச்சலுகையும் வாங்கிக்கொண்ட ஒரு இடத்தில் இது நடந்தது என்பதைச் சொல்லாமல் அதன் பசுமையைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று: கட்டிய நிறுவனமே ஐம்பத்தொன்பது வருடம் அதை நடத்தியது. போடும் பணத்தை நிதானமாகத் திரும்ப எடுக்கும் காப்பீட்டுக் கணக்கு அது. வாங்குகிறவரும் நடத்துகிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

கணக்கு மாறியது 1980-களின் கடைசியில். அமெரிக்காவின் சேமிப்பு வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. அவற்றின் சொத்துகளை விற்றுத்தள்ள 1989-இல் ரெசல்யூஷன் டிரஸ்ட் கார்ப்பரேஷன் என்ற அரசு அமைப்பு உருவானது. 1995-இல் மூடப்படுவதற்குள் 747 நிறுவனங்களின் கணக்கை முடித்தது. விலை மலிவு, வாங்க ஆளில்லை. அடுத்தவர் பணத்தை ஃபண்டாகத் திரட்டி, வேகமாக மதிப்புப் போட்டு வாங்கி, சில வருடத்தில் விற்றவர்கள் பெரிய ஆட்களானார்கள். விலையைக் கண்டுபிடிப்பவருக்கு மரியாதை வந்தது. குழாய் ஒழுகுவதைப் பார்ப்பவர் பின்னால் போனார்.

2006-க்கு வருவோம். அந்த 540 கோடியில் டிஷ்மனும் பிளாக்ராக்கும் சொந்தமாகப் போட்டது தலா 11 கோடி சொச்சம்தான். கடன் மட்டும் 440 கோடி. மீதி, ஓய்வூதிய நிதிகள் உட்பட வெளி முதலீட்டாளர்கள் தந்தது. குடியிருப்பின் நிகர வருமானமோ ஆண்டுக்குச் சுமார் 11 கோடி, வட்டிக்கே பற்றாது. அந்த இடைவெளியை அடைக்கத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2011-க்குள் வருமானம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும் என்பது எக்செல்லின் நம்பிக்கை.

எப்படி ஆகும்? நான்கில் மூன்று பங்கு வீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்தன. அன்றைய சட்டப்படி, வீடு காலியானால் வாடகையை ஓரளவு உயர்த்தலாம். புதுப்பித்த செலவில் 40-இல் ஒரு பங்கை மாத வாடகையில் ஏற்றலாம். அதாவது 20,000 டாலருக்குச் சமையலறை போட்டால் மாதம் 500 கூடும். வாடகை 2,000 டாலரைத் தொட்டுவிட்டால் வீடு கட்டுப்பாட்டை விட்டு வெளியே, சந்தை விலைக்கு. ஆக, மொத்தத் திட்டமும் 'வருடத்துக்கு இத்தனை வீடு காலியாகும்' என்ற ஒரு எண்ணின் மேல் நின்றது.

அந்த ஒரு செல்லில்தான் என் பழைய வேலை முழுக்க இருக்கிறது. காலியாவது என்றால் என்ன? ஒரு ஆசிரியர் ஓய்வு பெற்று ஊருக்குப் போவது, ஒரு கிழவி சாவது. இரண்டையும் அவசரப்படுத்த முடியாது. அவசரப்படுத்தினார்கள். 'இது உங்கள் முதன்மை வசிப்பிடம் அல்ல' என்று நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் போனது. பலர் பல தலைமுறையாக இருப்பவர்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார்கள். காலியாகும் வேகம் எக்செல்லுக்குப் பின்னாலேயே நொண்டியது.

இன்னொன்றும் இருந்தது. மெட்லைஃப் காலத்திலிருந்தே குடியிருப்பு ஜே-51 என்ற வரிச்சலுகையைப் பெற்று வந்தது. அதை வாங்கிக்கொண்டே வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து எடுக்க முடியாது என்று குடியிருப்போர் 2007-இல் வழக்குப் போட்டார்கள். 2009 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சுமார் 4,000 வீடுகளின் உயர்த்தப்பட்ட வாடகை கேள்விக்குள்ளானது. இடையில் 2008-இன் சரிவு வேறு. 2010 ஜனவரியில் தவணை கட்டவில்லை. அதே மாதம் சொத்து கைமாறியது.

வாங்கியவர்கள் தலா 11 கோடியோடு தப்பித்தார்கள். கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி 50 கோடி டாலர் இழந்தது. அதே மாநில ஆசிரியர்களின் நிதி 10 கோடி, ஃபுளோரிடாவின் நிதி 25 கோடி. நியூயார்க்கில் வீட்டைக் காலிபண்ணச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய ஆசிரியருக்கும், அந்த நோட்டீஸ் வேலைசெய்தால்தான் லாபம் வரும் என்ற நிலையில் இருந்த கலிஃபோர்னியா ஆசிரியருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

வாங்கும் பிரிவுக்குப் போனால் அந்தச் செல்லில் எண்ணைப் போடப்போவது நான்தான். எத்தனை பேர் போகவே மாட்டார்கள் என்று ஓரளவு தெரிந்தவன் என்பதுதான் என் தகுதி. நேர்காணல்களில் இதைச் சொன்னால், டீலைக் கெடுக்கிற ஆள் என்று நினைக்கிறார்கள்.

2015 அக்டோபரில் பிளாக்ஸ்டோனும் கனடாவின் ஐவன்ஹோ கேம்பிரிட்ஜும் அதே குடியிருப்பைச் சுமார் 530 கோடிக்கு வாங்கின. இந்த முறை, 5,000 வீடுகளை இருபது வருடம் கட்டுப்படியாகும் வாடகையில் வைப்பதாக நகர நிர்வாகத்தோடு முதலிலேயே ஒப்பந்தம் போட்டார்கள். 2019 ஜூனில் மாநிலம் வாடகைச் சட்டத்தைத் திருத்தியது. காலியான வீடு, வாடகை வரம்பைத் தொட்டதும் கட்டுப்பாட்டை விட்டு வெளியேறும் வழி அதோடு அடைபட்டது.