விசிறி இல்லாத கணினி: ஒரு கனவின் வரலாறு

பகலெல்லாம் தறிச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கும், ராத்திரி மடிக்கணினியிலிருந்து வரும் அந்த "ஙொய்ய்ய்" சத்தம் பொறுக்காது. காஞ்சிபுரம் பக்கம் தாமலை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2007-ல் டெல் நிறுவனம் கணினித் தொழிற்சாலையைத் திறந்தது. அப்படி நம் பக்கத்திலேயே தயாரான கணினிக்குள்ளும் ஒரு குட்டி விசிறி! அதன் சத்தத்தை ஒழிக்க நடந்த போராட்டம் அமெரிக்காவில் 1977-லேயே தொடங்கிவிட்டது.

அந்த ஆண்டு வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் விசிறியே இருக்கக்கூடாது என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். விசிறிச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. ராட் ஹோல்ட் என்ற பொறியாளர், குறைவாகச் சூடாகும் ஸ்விட்சிங் வகை பவர் சப்ளையை வடிவமைத்துக் கொடுத்தார். வெப்பம் குறைந்தது, விசிறி தேவைப்படவில்லை. வெற்றி!

அடுத்து 1980-ல் ஆப்பிள் 3. இதிலும் விசிறி கிடையாது. ஆனால் இந்த முறை உள்ளே வெப்பம் அதிகம். அலுமினியப் பெட்டியே சூட்டை வெளியேற்றிவிடும் என்று நம்பினார்கள். சூட்டில் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நழுவியதாகச் சொல்வார்கள். கணினியைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று போட்டால் சரியாகும் என்றுகூட ஆலோசனை சொல்லப்பட்டதாம்! முதலில் விற்ற சுமார் 14,000 கணினிகளை மாற்றித் தர வேண்டியிருந்தது. விசிறியில் மிச்சம் பிடித்ததைவிட இழந்தது பல மடங்கு.

1984-ல் வந்த மேகின்டாஷிலும் விசிறி இல்லை. ஜாப்ஸ் 1985-ல் ஆப்பிளை விட்டு வெளியேறிய பிறகு, 1987-ல் வந்த மேகின்டாஷ் எஸ்இ-யில் விசிறி நுழைந்தது. நுழைந்ததும், சத்தம் தாங்கவில்லை என்ற புகாரும் வந்தது. பின்னர் வேறு வகை விசிறியைப் பொருத்தினார்கள்.

ஆக, விசிறியை எடுத்தால் சூடு, வைத்தால் சத்தம். பிறகு பொறியாளர்கள் விசிறியையே திருத்த ஆரம்பித்தார்கள். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். ஆனால் காற்றும் பாதியாகிவிடும். அதனால்தான் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவது நல்லது. மெல்லிய மடிக்கணினியில் பெரிய விசிறிக்கு இடம் ஏது?

2012-ல் ரெடினா திரை கொண்ட மேக்புக் ப்ரோவில் இன்னொரு உத்தி வந்தது. விசிறியின் இறக்கைகளைச் சம இடைவெளி இல்லாமல் அமைத்தார்கள். சம இடைவெளியில் ஒரே சுருதியில் எழும் ரீங்காரம், இப்போது பல சுருதிகளாகச் சிதறி, காதை உறுத்தாத வெறும் காற்றோசையாகிவிடும். ஹெலிகாப்டரின் வால் விசிறிகளில் முன்பே கையாண்ட முறைதான் இது.

கடைசியில் 2020-ல் எம்1 சிப்புடன் வந்த மேக்புக் ஏர், விசிறி இல்லாமலேயே ஓடியது. காரணம், சிப்பே குறைவாகச் சூடானது. 1977-ல் ஹோல்ட் செய்ததும் இதைத்தானே?

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தூசி அடைத்தால் வெப்பம் ஏறும், விசிறி வேகமாகச் சுற்றும், சத்தம் கூடும். இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் தூசி படிந்தால் சமநிலை கெட்டு அதிரும். வேகம் இரட்டிப்பானால் அந்த அதிர்வு விசை நான்கு மடங்காகும். அணைத்துவிட்டு, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு தூசியை அகற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும், சத்தம் தானே குறையும். ஆப்பிள் 3 மறந்தது இதைத்தான்.