ஆயில் கேட்ச் கேன்: பந்தயத் தடத்திலிருந்து வீட்டுப் பட்டறைக்கு

ஆயில் கேட்ச் கேன் என்பது, கார் இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியே வரும் எண்ணெய் ஆவியைப் பிடித்துச் சேர்க்கும் சிறு கலம்.

சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கிராங்க்கேசுக்குள் இறங்கிவிடும். நம் மெக்கானிக்குகள் இதைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். வெளியேற வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, சீல்கள் வழியே எண்ணெய் ஒழுகும். எனவே பழைய கார்களில் இந்த ஆவியை ஒரு குழாய் மூலம் சாலையிலேயே விட்டார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் பழைய கார் நின்ற இடத்தை எண்ணெய்க் கறையே சொல்லிவிடும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்தபோது, காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாயிலிருந்தே வருவது தெரிந்தது. 1961 மாடல் முதல் கலிபோர்னியக் கார்களில் பி.சி.வி. வால்வு வந்தது. அது ஆவியை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பி எரிக்கிறது. ஆவியோடு எண்ணெயும் போய் உள்வாங்கும் பாதையில் படிவதுதான் இதன் குறை.

பந்தயத்தில் கவலை வேறு. முன்னால் ஓடும் கார் சிந்தும் எண்ணெயில் பின்னால் வருபவர் சறுக்கினால் உயிர் போகும். அதனால் திறந்த மூச்சுக்குழாய் உள்ள கார்களுக்குச் சர்வதேச விதி கேட்ச் கேனைக் கட்டாயமாக்கியது: 2000 சி.சி. வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். சென்னைக்கும் பந்தயம் புதிதல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே அமைந்தது.

இன்று சொந்தக் காருக்குக் கேன் செய்ய விரும்பும் இளைஞர்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. தேவை அதிகமில்லை: மூடி இறுகும் உலோக டப்பா, இரண்டு நிப்பிள், எண்ணெய் தாங்கும் ஹோஸ், கிளிப்புகள், உள்ளே ஆவி மோதிக் குளிர எஃகு நார். உள்வரும் குழாய் நாருக்குக் கீழே முடிய வேண்டும். வெளியேறும் குழாய் மேலிருந்து கிளம்ப வேண்டும். நார் துகள் உதிர்ந்து இன்ஜினுக்குள் போகாதபடி ஒரு வலையும் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, சூட்டில் இளகிவிடும்.

பலர் தவறுவது ஒரே இடத்தில். பந்தயக் காரைப் பார்த்து, டப்பாவின் தலையில் ஓட்டை போட்டுத் திறந்துவிடுகிறார்கள். சாலைக் காரில் அது 1961-க்கு முந்தைய குழாயையே திரும்பக் கொண்டுவருவதாகும். தி.நகர் நெரிசலில் அந்தப் புகை பக்கத்து ஸ்கூட்டர்காரரின் மூக்குக்குத்தான் போகும். நம் மாசு விதிகளும் அதை ஏற்பதில்லை. பி.சி.வி. குழாய்க்கு நடுவே, காற்றுப் புகாமல் பொருத்துவதே சரி. நிரம்புமுன் கேனைக் கழற்றி, சேர்ந்ததைப் பழைய ஆயிலோடு கொடுத்துவிட வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது.